சொட்டு விழாத வண்டி

ஜனவரி 9, திங்கள்

இந்த நாட்குறிப்பு எண்ணெய் ஒழுக்கு பற்றியது. மற்ற விஷயங்கள் இதில் வராது.

நேற்று இரவு காரின் அடியில் செய்தித்தாள் விரித்தேன். காலை ஆறு மணிக்கு நான்கு சொட்டுகள். நகைக்கடைத் தராசில் தாளை எடை போட்டேன். விரிப்பதற்கு முன் இருந்ததைவிட ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அதிகம். முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் சொட்டை வெறும் சொட்டு என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

கார் 1968ஆம் வருட ஹெரால்டு. வெளிர்நீலம், இரண்டு கதவு. 2011இல் என் மாமனார் மாசிலாமணி காலமான பிறகு என்னிடம் வந்தது. எண்ணெய் ஒழுகும் இடம் ஆயில் சம்ப். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தகரத் தொட்டி அது. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கார்க் பேக்கிங் உண்டு. பேக்கிங் சரியில்லை என்றால் ஒழுகும். இதில் மர்மம் ஒன்றும் கிடையாது.

பழைய கார் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி பிப்ரவரி 26. அதில் ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் ஒரு வெள்ளைத் துணி விரிப்பார்கள். அரை மணி நேரத்தில் ஒரு சொட்டும் விழாத வண்டிக்குக் கோப்பை. இது சங்கச் செயலாளர், பல் டாக்டர் அருளப்பனின் யோசனை. போன வருடம் என் துணியில் ஆறு சொட்டு. அருளப்பன் ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, துணியை டீ கவுண்டர் பக்கத்தில் தொங்கவிட்டார். கீழே என் பெயர். எல்லோரும் டீ குடித்தபடி பார்த்தார்கள்.

இந்த வருடம் துணி வெள்ளையாக இருக்கும்.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். ஐந்து சொட்டு.

ஜனவரி 18, புதன்

சம்பைக் கழற்றினேன். எண்ணெயை வடித்து, போல்ட்டுகளை வரிசைப்படி ஓர் அட்டையில் குத்தி எண் போட்டேன். மூன்று மணி நேரம் மல்லாந்து படுத்திருந்தேன். மெக்கானிக்குகள் இதை ஒரு மணி நேரத்தில் செய்வார்கள். அட்டையில் எண் போடுவதில்லை என்பதுதான் காரணம்.

மனைவி சுலோசனா காபி கொண்டுவந்து, தரையில் கிடந்த சம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஓரத்தை விரலால் தடவினாள்.

"போல்ட் ஓட்டையைச் சுத்தி மேல எழும்பியிருக்கு பாருங்க. அப்பா இதை அம்மிக்கல்லுல குப்புறப் போட்டுத் தட்டி மட்டமாக்குவாரு. கார்க்கை ராத்திரியே தண்ணில ஊறப் போடுவாரு."

அம்மிக்கல் ஓர் அளவுகருவி அல்ல என்று சொன்னேன். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதிய பேக்கிங்கை உலர்வாகவே வைத்து மாட்டினேன். நன்றாக இறுக்கினேன். பிறகு இன்னும் கொஞ்சம்.

ஜனவரி 20, வெள்ளி

பதினொரு சொட்டு. பேக்கிங்கின் தரம் இப்போதெல்லாம் மோசம்.

ஜனவரி 27, வெள்ளி

போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன். பதினான்கு.

டிவி ஸ்டாண்டின் மேல் சுலோசனாவின் ஓட்டுநர் உரிமம் கிடக்கிறது. புதுப்பித்திருக்கிறாள். கண் பரிசோதனைச் சான்றிதழ் வாங்க, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போக என்று மூன்று முறை வெளியே போய்வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. அறுபத்து நான்கு வயதில் எதற்கு என்று விளங்கவில்லை. எங்கே போனாலும் நான்தானே ஓட்டுகிறேன்.

சாப்பிடும்போது கேட்டாள்: "ஒரு நாள் முட்டுக்காடு வரைக்கும் ஹெரால்டை நான் ஓட்டிட்டு வரட்டுமா?"

முதலில் ஒழுக்கு நிற்கட்டும் என்றேன். 2012இல் கேட்டபோதும் இதே பதிலைச் சொன்னேனாம். 2017இலும். என்னிடம் அப்படி ஒரு பதிவும் இல்லை.

பிப்ரவரி 3, வெள்ளி

இரண்டாம் முயற்சி. பேக்கிங்குக்கு இருபுறமும் சிலிக்கான் பசை. எஞ்சினின் முன்பக்கம் சம்ப் ஓர் அலுமினியக் கட்டையில் பொருந்துகிறது. அங்கே ஒரு போல்ட்டை இறுக்கினேன். இன்னும் இறுகும் என்று கைக்குத் தோன்றியது. இறுக்கினேன். பிறகு அது எந்தத் தடையும் இல்லாமல் சுற்றியது. உள்ளே மறை போய்விட்டது. மாசிலாமணி காலத்திலேயே தேய்ந்திருக்க வேண்டும்.

அந்த ஓட்டையில் பசையை அடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 4, சனி

பத்தொன்பது. தாள் மாற்ற வேண்டியிருந்தது.

பிப்ரவரி 11, சனி

டில்லி வந்தான். தாம்பரம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், ஐம்பத்தைந்து வயது. நான் கூப்பிடவில்லை. சுலோசனா போன் செய்திருக்கிறாள். என்னை "சார்" என்கிறான், அவளை "அக்கா" என்கிறான். மாசிலாமணி காலத்துப் பழக்கமாம்.

காருக்கு அடியில் படுத்தவன் இரண்டே நிமிடத்தில் எழுந்துவிட்டான். இரண்டு நிமிடத்தில் யாராலும் எதையும் அளக்க முடியாது.

"பேக்கிங்க இந்த இறுக்கு இறுக்குனா அது இன்னா சார் பண்ணும்? வெளிய பிதுங்கிக்கினு நிக்கிது. கட்ட வேற மறை பூட்ச்சு. வண்டிய ரெண்டு நாள் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

சங்க விதிப்படி உரிமையாளரே பராமரிக்கும் வண்டிக்குத் தனி மதிப்பெண் உண்டு என்று விளக்கினேன். டில்லி சுலோசனாவைப் பார்த்தான். அவள் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்டின்னா உடுங்க சார். பழைய எஞ்சின்னா நாலு சொட்டு சொட்டத்தான் செய்யும். தெனம் காலையில ஸ்டிக் எடுத்துப் பாரு, கொறஞ்சா ஊத்து, அவ்ளோதான். கீழ சொட்டுதுன்னா உள்ள கீதுன்னு அர்த்தம்."

இதுதான் இந்த நாட்டில் தொழில்நுட்பத்தின் நிலை. டீ கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 20, திங்கள்

அருளப்பன் போன் செய்தார். பரிசளிப்பின்போது நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். தலைப்பு: "அளவில் நேர்மை." என் பணி அனுபவத்தைப் பலரும் கேட்க விரும்புகிறார்களாம். முதலில் தயங்கினேன். பிறகு இன்று மாலையே எழுதி முடித்துவிட்டேன். எட்டுப் பக்கம்.

1994இல் நான் பிடித்த எண்ணெய்க்கடைக்காரரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். லிட்டர் படியின் அடியில் மெழுகு ஊற்றி வைத்திருந்தார். மேலே பார்த்தால் படி சரியாக இருக்கும், முத்திரைகூட உண்டு. உள்ளேதான் குறைவு. "பொருளைக் குறைத்துவிட்டு அளவை மட்டும் சரியாகக் காட்டுகிறவன் இரண்டு முறை திருடுகிறான்." இந்த வரியை உரக்கப் படித்துப் பார்த்தேன். நன்றாக வருகிறது.

இன்றைய சொட்டு: பதினேழு.

பிப்ரவரி 25, சனி

கண்காட்சி விதிகளை மறுபடி படித்தேன். இரண்டு பக்கம், பதினான்கு விதிகள். வண்டி தன் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும். அடியில் தட்டு, பஞ்சு, கந்தல் எதையும் வைக்கக் கூடாது. துணியைத் தொடக் கூடாது.

எஞ்சினுக்குள் எண்ணெய் இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று, புனல் ஒன்று, அகலமான பேசின் ஒன்று எடுத்து வைத்தேன். இது தற்காலிக ஏற்பாடு. சோதனை முடிந்ததும் ஊற்றிவிடலாம். பத்து நிமிட வேலை.

சுலோசனா ஊர்வலத்துக்கு வருகிறேன் என்றாள். சோதனை முடிந்ததும் எல்லா வண்டிகளும் மூன்று கிலோமீட்டர் ஊர்வலமாகப் போகும். அதில் ஒரு கிலோமீட்டராவது தான் ஓட்டலாமா என்று கேட்டாள். ஊர்வலத்தில் ஓட்டுவது வேறு, சாதாரணமாக ஓட்டுவது வேறு என்று சொன்னேன். சரி, பக்கத்திலாவது உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள்.

பிப்ரவரி 26, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

காலை 6.30க்குப் பள்ளி மைதானம் போய்ச் சேர்ந்தேன். ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் மறைவாக நிறுத்தினேன். எண்ணெயை வடித்துக் கேனில் ஊற்றி, கேனை டிக்கியில் வைத்தேன். கடைசிச் சொட்டு நிற்க ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. சம்பை வெளியே துடைத்தேன். எரிபொருள் சிக்கனம் என்று சொல்லி, இரண்டு தொண்டர்களை விட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்த் துணியின் மேல் நிறுத்தினேன். அருளப்பன் பாராட்டினார்.

10.00 முதல் 10.30 வரை சோதனை. பக்கத்து வண்டியின் கீழ் ஒன்பது சொட்டு. அருளப்பனின் சொந்த வண்டியின் கீழ் இரண்டு. அவர் அதற்கு வட்டம் போடவில்லை, கவனித்தேன். என் துணி வெள்ளை. அருளப்பன் முழங்காலிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து என் கையைக் குலுக்கினார்.

சுலோசனா ஆட்டோவில் வந்து சேர்ந்தாள், இட்லி டப்பாவுடன். துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எப்படிங்க?" என்றாள். விடாமுயற்சி என்றேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அதை எழுத வேண்டியிருக்கிறது.

11.00க்குப் பரிசளிப்பு. மாலை, கோப்பை, பிறகு என் பேச்சு. ஐந்து நிமிடப் பேச்சு இருபத்திரண்டு நிமிடம் ஆனது. மெழுகு ஊற்றிய படியின் கதைக்குக் கைதட்டல். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள், அது பாராட்டா என்று தெரியவில்லை. நேரம் கடந்துவிட்டதால் அருளப்பன் என் கையிலிருந்த மைக்கை வாங்கி, எல்லோரும் உடனே வண்டியில் ஏறுங்கள், போலீஸ்காரர் காத்திருக்கிறார் என்று அறிவித்தார். முதல் வண்டியாக நான் போக வேண்டுமாம். கழுத்தில் மாலையோடு ஏறினேன். சுலோசனா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்தாள். கொடி அசைந்தது.

கேன் டிக்கியில்தான் இருந்தது. அதை நான் எங்கும் விட்டுவிட்டு வரவில்லை. இதைப் பதிவு செய்கிறேன்.

மைதானத்தின் வாசலைத் தாண்டும்போதே சுலோசனா சொன்னாள், ஆயில் லைட் எரிகிறது என்று. ஒயர் தளர்ந்திருக்கும் என்றேன். அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

ரயில்வே கேட் ரோட்டில் திரும்பும்போது மறுபடி சொன்னாள். "சத்தம் மாறுது. நிறுத்துங்க."

பின்னால் பதினெட்டு வண்டிகள். இரண்டு பக்கமும் ஜனங்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். நான் கையசைத்தேன்.

"ஏங்க, நிறுத்துங்க. அப்பா வண்டி. நிறுத்துங்க."

அவள் கை சாவிக்குப் போனது. அதற்குள் எஞ்சினே நின்றுவிட்டது. தகர டப்பாவில் செங்கல்லைப் போட்டு உருட்டினாற்போல் ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. தூரம்: 1.7 கிலோமீட்டர்.

ஊர்வலம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அருளப்பன் போகும்போது ஹாரன் அடித்தார். சுலோசனா இறங்கிப் பின்னால் போனாள், துடைக்கத் துணி இருக்கிறதா என்று பார்க்க. டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. நான் கண்ணாடியில் பார்த்தேன். டிக்கிக் கதவு மறைத்தது.

பிறகு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"கேன் நிறையா இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கோப்பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

பிப்ரவரி 27, திங்கள்

சொட்டு எதுவும் இல்லை.

மார்ச் 1, புதன்

ஞாயிறன்று ஆள் வைத்து வீட்டுக்குத் தள்ளிவந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போக டில்லி வந்தான். சம்பின் போல்ட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆயில் எங்க சார் பூட்ச்சு? நானும் ரோட்ட பாத்துக்கினேதான் வந்தேன், ஒரு சொட்டு இல்லியே" என்று கேட்டான். பதில் சொல்ல நான் சொற்களைத் தேர்ந்துகொண்டிருந்தேன்.

"டிக்கில இருந்துச்சு டில்லி" என்றாள் சுலோசனா.

டில்லி என்னைப் பார்க்கவில்லை. கயிற்றின் முடிச்சைப் பார்த்தபடி தோள் குலுங்க நின்றான். அழுகிறானோ என்று முதலில் நினைத்தேன்.

மார்ச் 4, சனி

பத்திரங்கள் உள்ள பெட்டியில் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடினேன். எஞ்சினைப் பிரிக்க உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும், அதை என்னிடம் கேட்காமல் வேலையைத் தொடங்கியது முறையல்ல என்று டில்லிக்கு எழுத நினைத்தேன்.

உரிமையாளர்: மா. சுலோசனா. 1981 முதல்.

கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பே மாசிலாமணி மகள் பெயருக்கு மாற்றியிருக்கிறார். பன்னிரண்டு வருடமாக இன்சூரன்ஸ் தாளில் நானே அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். எங்கே போடவேண்டும் என்று விரலால் காட்டியதும் நான்தான். மேலே என்ன பெயர் அச்சாகியிருந்தது என்று பார்த்ததில்லை.

டில்லிக்கு எழுதவில்லை.

மார்ச் 7, செவ்வாய்

கோப்பையை எடை போட்டேன். பித்தளை என்று மேடையில் சொன்னார்கள். 212 கிராம். பிளாஸ்டிக், மேலே முலாம்.

மார்ச் 12, ஞாயிறு

சுலோசனா தினமும் காலை ஒன்பதே முக்காலுக்கு ஒர்க்‌ஷாப் போகிறாள், நாலு மணிக்கு வருகிறாள். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைக் கடைசலுக்குக் கொடுத்திருக்கிறார்களாம். பேரிங் எல்லாம் உருகிப்போயிருந்ததாம். இதெல்லாம் போனில் அவள் தங்கையிடம் சொன்னது, என்னிடம் அல்ல. என்னிடம் பேசுவது: "குக்கர் மூணு விசில்." "பால்காரர் வந்தா ஒரு பாக்கெட் போதும்." அவள் நகக்கண்ணில் கறுப்பு இருக்கிறது. சோப்புப் போட்டால் போகும் என்றேன். போக வேண்டியதில்லை என்றாள்.

மார்ச் 18, சனி

பகல் பன்னிரண்டுக்குப் போன். சுலோசனா. மூன்று வாரத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம்.

"அம்மிக்கல்லை எடுத்துட்டு வாங்க."

ஆட்டோவில் கொண்டுபோனேன். இருபத்தாறு கிலோ இருக்கும், தராசில் வைக்க முடியவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் பலகை போட்டு வைத்தோம். சுலோசனா சம்பின் ஓரத்தை அதன்மேல் குப்புறப் போட்டாள். "அசையாம பிடிங்க" என்றாள். பிடித்தேன். சின்னச் சுத்தியால் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனாள். ஒரு சுற்று முடிந்ததும் விரலால் தடவிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். நான் இரும்பு ஸ்கேலை ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் எங்கும் கசியவில்லை.

மட்டமாக இருக்கிறது என்று சொன்னேன். "தெரியும்" என்றாள்.

பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில் கார்க் பேக்கிங் ஊறிக்கொண்டிருந்தது. அலுமினியக் கட்டைக்கு டில்லி புது மறை போட்டிருந்தான். போல்ட்டை ஸ்பேனரின் கழுத்தில் இரண்டு விரலால் பிடித்துத்தான் முடுக்கினான். அவ்வளவு போதுமா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

மொத்த வேலையையும் நான் மேற்பார்வை செய்தேன் என்று சொல்லலாம்.

மார்ச் 22, புதன்

கோப்பையைக் கூரியரில் அருளப்பனுக்குத் திருப்பி அனுப்பினேன். கூடவே கடிதம். மூன்று வரைவு எழுதினேன். முதல் வரைவு நான்கு பக்கம், அதில் எல்லாம் இருந்தது. கடைசி வரைவு ஒரு வரி: "இதை நான் வைத்துக்கொள்ள முடியாது. எடை குறைவு."

மார்ச் 29, புதன்

வண்டி வந்தது. சுலோசனாவே ஓட்டிக்கொண்டு வந்தாள். ஒரே திருப்பத்தில் கேட்டுக்குள் நுழைத்தாள். நான் எப்போதும் மூன்று முறை முன்னும் பின்னும் போவேன். பக்கவாட்டில் பார்த்துத் திருப்புவதில் ஏதோ நுணுக்கம் இருக்கிறது.

கேட்காமலே சொன்னாள்: "ஒழுகும். ரெண்டு மூணு சொட்டு. டில்லி இன்னும் முடுக்கவான்னு கேட்டான். வேணாம்னுட்டேன்."

மார்ச் 30, வியாழன்

மூன்று.

ஏப்ரல் 2, ஞாயிறு

காலை 6.15க்கு சுலோசனா பானெட்டைத் திறந்தாள். எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். என்னிடம் நீட்டினாள். படித்தேன். மேல்கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே. சொன்னேன். தலையசைத்துவிட்டு அவளும் ஒருமுறை பார்த்தாள். அது அவள் உரிமை.

புளியோதரை டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு லிட்டர் எண்ணெய் எல்லாம் பின்சீட்டில். முட்டுக்காடு. நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"முதல்ல நான் ஒரு தடவை போயிட்டு வரேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒழுக்கு நிற்கட்டும் என்று நான் அவளிடம் சொன்னதெல்லாம் இதே குரலில்தான் இருந்திருக்க வேண்டும்.

6.40க்குக் கிளம்பினாள்.

கேட்டை மூடுவதற்காக வெளியே வந்தேன். வாசலில் ஒரு சொட்டு. அடுத்தது எதிர்வீட்டு வேப்பமரத்தடியில். அப்படியே நடந்தேன். பிள்ளையார் கோயில் முனையில் சிக்னலுக்கு நின்றிருக்கிறாள், அங்கே மூன்று சேர்ந்து. பிறகு இடது பக்கம், கடற்கரைச் சாலை போகும் வழியில். மருந்துக்கடை வரை ஒன்பது எண்ணினேன். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கியபடி, என்ன சார் தொலைஞ்சுபோச்சு என்று கேட்டார். ஒன்றும் தொலையவில்லை, சரிபார்க்கிறேன் என்றேன்.

உள்ளே எண்ணெய் இருக்கிறது.

இப்போது மணி மாலை 4.20. இன்னும் வரவில்லை. வந்தால் நேராக உள்ளே விட வசதியாக இருக்கட்டும் என்று கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன். போர்டிகோவில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்து, பழைய பேப்பர் கட்டில் போட்டுவிட்டேன்.